கதிரை மட்டத்தில் ஒரு வாகனம்

என் கணவருக்குச் சீனி வருத்தம். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கால் போனதைப் பற்றி அவர் யாரிடமும் கதைத்ததில்லை. வயலைப் பற்றித்தான் கேட்பார். தண்ணீர் வந்ததா, பசளை போட்டாயிற்றா, யானை இறங்கியதா. போனில் கேட்பார். கேட்டுவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார்.

நாங்கள் இருப்பது கல்முனையில், இளைய மகளின் வீட்டில். மகளுக்குக் கலியாணம் முடித்தால் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் ஒதுங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். மூத்தவளுக்கு ஒரு வீடு கொடுத்து ஒதுங்கினோம். இளையவளுக்கு இன்னொன்று கட்டிக் கொடுத்து, பின்னால் ஓர் அறைக்கு ஒதுங்கினோம். மகன் இல்லை. சீதனம் கொடுத்து மிஞ்சியது வரிப்பத்தான்சேனைக்கு அங்கால் இருக்கிற வயல் ஒன்றுதான். அது அவருடைய வாப்பாவின் காணி. அந்த வயலால்தான் ஊரில் அவரைப் போடியார் என்கிறார்கள்.

வயலுக்குப் போகும் பாதை நல்லதில்லை. வரிப்பத்தான்சேனை வரைக்கும் தார். பிறகு கிரவல். அதற்குப் பிறகு வாய்க்கால் கட்டு. கட்டின் ஒரு பக்கம் தண்ணீர், மற்றப் பக்கம் பள்ளம். மாரியில் கட்டு முழுக்கச் சேறு. கட்டு முடிகிற இடத்தில் எங்கள் வாடி. தகரம் போட்ட சின்னக் குடில். அங்கே நின்றால் வயல் முழுக்கத் தெரியும்.

ஓட்டோவில் ஒரு தரம் கூட்டிக்கொண்டு போனோம். கட்டில் ஏறிக் கொஞ்சத் தூரத்தில் முன் சில்லு புதைந்தது. திரும்பி வந்தோம்.

அடுத்த தரம் உழவு மிசினின் பெட்டியில் ஏற்றினார்கள். இரண்டு பேர் கக்கத்தில் பிடித்தார்கள். ஒருவர் இருக்கிற காலைப் பிடித்தார். நெல் மூட்டையை ஏற்றுவதுபோல ஏற்றினார்கள். அவர் சிரித்துக்கொண்டுதான் ஏறினார். கிரவல் பாதை முடியும் முன்பே "மிசினக் கிறுக்குடா" என்றார். திருப்பினார்கள். வீட்டுக்கு வந்து இறங்கியதும் சொன்னார்.

"இனி என்ன ஆரும் தூக்கப்படா. சந்தூக்குல வெச்சித் தூக்குங்க. அதுக்கு முந்தி வேணா."

சந்தூக்கு இறந்தவரின் மையத்தைக் கொண்டுபோகிற பெட்டி. மகள் அழுதுவிட்டாள். அவர் தேத்தண்ணி கேட்டார்.

அந்தப் போகம் அவர் இல்லாமல் அறுத்தார்கள். அடுத்த போகம் அவர் இல்லாமல் விதைத்தார்கள். வயலைப் பார்த்தது முல்லைக்காரர். வீரமுனை ஆள். இளந்தாரியாக இருந்த காலத்திலிருந்து என் கணவருக்காக வயலில் நின்று வேலை செய்விக்கிறவர். நல்ல மனுசன். ஆனாலும் வீட்டு மருமகனுக்கு யோசனை. அவர் கந்தோரில் வேலை செய்கிறவர். கணக்குப் பார்த்துக் கதைப்பார்.

"மாமா, ஆள் போகாத காணிய எத்தின நாளைக்கி இப்பிடி வெச்சிரிக்கிற? டவுன்ல ஒரு ஆள் குத்தகைக்குக் கேக்கிறார். மிசின், ஆள் எல்லாம் அவர்ட இரிக்கி. குடுத்திட்டா உங்களுக்கும் நிம்மதி."

என் கணவர் போனை மடியில் திருப்பி வைத்தார்.

"வெள்ளாமயப் பாத்திட்டுச் சொல்றன்."

"ஆர் பாத்திட்டு?"

"நான்தான். மாரிப் போக அறுவடைக்கு முந்தி."

மருமகன் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். எப்படிப் போவார்? தூக்கவும் கூடாது.

அன்றைக்கு எனக்கு விளங்கியது இவ்வளவுதான். அறுவடைக்கு முன் அவரைத் தூக்காமல் வயலுக்குக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனால் காணி எங்கள் கையில் நிற்கும். இல்லாவிட்டால் டவுன்காரரிடம் போகும்.

எனக்கு உம்மா வழியில் வந்த தென்னந்துண்டு ஒன்று இருந்தது. அதை விற்றேன். வாகனம் வாங்கப் போகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே போதும்.

ஓட்டுவதற்கும் ஆள் வேண்டும். மருமகனுக்குக் கந்தோர். மகளிடம் கைக்குழந்தை. கூலிக்கு ஆள் பிடித்தால் அவன் சேற்றுக்குள் போக மாட்டான். நான் வாகனம் பழக லேனர்ஸுக்குப் போனேன். பேரப்பிள்ளைகள் உள்ள வயதில் போனது நான் ஒருத்திதான். மற்றதெல்லாம் ஸ்கூட்டி ஓடுகிற குமருகள். பழக்குகிற தம்பி பொறுமையானவர். நான் பயத்தில் கீழ்த் தகட்டை மிதித்துக்கொண்டு இருந்தேன்.

"ராத்தா, பிரேக்க மிதிங்க. நீங்க ரோட்ட மிதிக்கிறீங்க."

சந்தியில் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் போகும்போது கடைக்காரர் சத்தம் போடுவார்.

"போடியார்ட டிரைவர் வாறா. மாட்டக் கட்டுங்கடா."

எனக்கு வெட்கம் வரவில்லை. அதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே. விடிய முந்திச் சுபஹுக்கு எழும்பினால் இரவு இஷா வரைக்கும் அவர் வேலை, வீட்டு வேலை, இடையில் இது. லைசன் கிடைத்தது.

பிறகு வாகனம். முல்லைக்காரரிடம் போனில் கேட்டேன்.

"கட்டுல எந்த வாகனம் வரும்?"

"போர் வீலெண்டா வரும் அக்கா. மத்ததெல்லாம் கஷ்டம்."

நான் அதையே புரோக்கரிடம் சொன்னேன். வாகனம், காணி, கலியாணம் எல்லாம் பார்க்கிற ஆள்.

"எனக்கு போர் வீல் ஒண்டு வேணும் தம்பி. பழசெண்டாலும் பரவால்ல. நிலத்தில நல்லா இழுக்கணும்."

"அதுக்கென்ன ராத்தா. பாத்துச் சொல்றன்."

சொன்னபடி போன் எடுத்தார்.

"நல்ல சாமான் ஒண்டு மாட்டியிரிக்கி. ஒரே ஆள் பாவிச்சது. கலப்பையும் சேத்துத் தாறாங்க. பெட்டி வேணுமெண்டா வேற கதைக்கணும்."

"கலப்ப என்னத்துக்கு?"

"என்ன ராத்தா இது? கலப்ப இல்லாம போர் வீல வெச்சி என்ன செய்யிற?"

அப்போதுதான் விளங்கியது. எங்கள் பக்கத்தில் போர் வீல் என்றால் நாலு சில்லு உழவு மிசின். கையால் பிடித்து ஓடுகிற சின்ன மிசினுக்கு வேறு பெயர், பெரியதுக்கு இந்தப் பெயர். முல்லைக்காரர் சொன்னதும் அதைத்தான். நான்தான் காரில் நாலு சில்லும் இழுக்கிறதை நினைத்துக்கொண்டேன். மருமகன் ஒரு நாள் அப்படியான வாகனத்தைப் பற்றிக் கதைத்தது காதில் விழுந்திருந்தது.

"நான் கேக்கிறது கார் மாதிரி, தம்பி. ஆள் இருந்து போறது. நாலு சில்லும் இழுக்கணும்."

"அப்ப சின்ன ஜீப்பெண்டு சொல்லுங்களன். நானும் நெனச்சன், போடியாருக்கு ஏலாமப் போக ராத்தா உழவுக்கு இறங்கிட்டாவாக்கும் எண்டு."

அறைக்குள் போய் இதைச் சொன்னேன். என் கணவர் சிரித்தார். கால் எடுத்த பிறகு பல் தெரிய அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "கலப்ப என்ன விலயாம்?" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தார்.

வாகனம் பார்க்க அவர் வரமாட்டேன் என்றார். கடைக்காரன் முன்னால் ஏறி இறங்கிக் காட்ட அவருக்கு மனமில்லை. நான் அவருடைய சில்லுக் கதிரையை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். கதிரையிலிருந்து வாகன சீற்றுக்கு அவர் தானாகச் சறுக்கிப் போக வேண்டும். சீற்று கதிரையைவிட உயரமாக இருந்தால் ஏற மாட்டார். பதிந்திருந்தால் விழுவார். இன்னொன்றும் கொண்டுபோனேன். ஒரு கயிறு. வாய்க்கால் கட்டில் ஆக ஒடுங்கின இடம் மதகடி. அதன் அகலத்துக்கு முல்லைக்காரர் கயிற்றை வெட்டி அனுப்பியிருந்தார்.

மருமகன் லீவு போட்டுக் கூட வந்தார். வாகனம் விற்கிற சேலில் நின்ற பொடியன் என்னைப் பார்த்தான், வெறும் கதிரையைப் பார்த்தான்.

"ஆள் எங்க?"

"வீட்ட."

"அப்ப கதிரையா வாகனம் வாங்க வந்திரிக்கி?"

"ஓம்" என்றேன்.

பெரிய ஜீப் ஒன்று காட்டினான். கதிரையைக் கொண்டுபோய்க் கதவடியில் வைத்தேன். சீற்று என் நெஞ்சளவில் இருந்தது. கார் ஒன்று காட்டினான். சீற்று கதிரைக்குக் கீழே கிடந்தது. கதவும் நிலத்தோடு. வேன் ஒன்று. கயிற்றைக் குறுக்கே பிடித்தேன். கயிறு எட்டவில்லை.

"ராத்தா, கதிரையும் கயிறும் கொண்டு வந்து நிக்கிறீங்க. ஆரக் கட்டப் போறீங்க?"

"வில கூடச் சொல்றவங்கள" என்றார் மருமகன். அவர் பகிடி விடுவது குறைவு. பொடியன் பிறகு மரியாதையாகக் கதைத்தான்.

இப்படி எத்தனையோ இடம். மாளிகைக்காட்டில் ஒரு நாள், சாய்ந்தமருதில் ஒரு நாள், அக்கரைப்பற்றுக்கும் போனோம். அரசாங்கம் வெளியிலிருந்து புது வாகனம் இறக்க விடாமல் வைத்திருந்த காலத்தால் பழையதெல்லாம் உச்ச விலையில் நின்றது. கதிரையை ஏற்றி இறக்கி என் இடுப்பு விட்டுப்போனது.

கடைசியில் ஓரிடத்தில் இரண்டு சின்ன ஜீப் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஜப்பான் வாகனம். பழையது. ஒன்று சாம்பல், ஒன்று வெள்ளை. மற்றப்படி ஒரு உம்மாவின் பிள்ளைகள் மாதிரி. கயிறு இரண்டுக்கும் எட்டும், கண்ணாடியை மடக்கினால். கதிரையில் வீட்டு மெத்தை ஒன்றைப் போட்டு வைத்துப் பார்த்தேன். சீற்றும் மெத்தையும் ஒரே மட்டம். கையைச் சறுக்கிப் பார்த்தேன். தடையில்லாமல் போனது.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"வெள்ள முன் சில்லால மட்டும் இழுக்கும். சாம்பல் நாலாலயும். சாதாரணமா முன்னாலதான் போகும். முன்னுக்குச் சறுக்கினா பின்னுக்குத் தானாப் புடிக்கும். நீங்க ஒண்டும் செய்யத் தேவல்ல."

வெள்ளை விலை குறைவு. எண்ணெயும் குறையக் குடிக்கும். மருமகனுக்கு வெள்ளையில் கண்.

"மாமி, இந்தக் கட்டு எத்தின தரம் போகப் போறம்? உயரம் ரெண்டும் ஒண்டுதான்."

"மணலுக்க ஓடிப் பாப்பம்" என்றேன். கடல் பின்னால்தான். கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். பிறகு விட்டார்.

வெள்ளையை மருமகன் ஓட்டினார். தோணிகள் கிடக்கிற இடத்துக்கு வர முன்பே முன் சில்லு மணலைக் கிண்டத் தொடங்கியது. அச்சுவரைக்கும் இறங்கிவிட்டது. கரைவலைக்காரர்கள் வந்து தள்ளினார்கள்.

"இண்டைக்கு மீன்பாடு இல்ல. காரையாவது இழுப்பம் வாங்கடா."

சாம்பலை நான் ஓட்டினேன். அதே இடம். முன்னால் சறுக்கியது. உடனே பின்னால் யாரோ கை கொடுத்ததுபோல் இருந்தது. போய்த் திரும்பினேன். மருமகன் செருப்புக்குள் மணலைத் தட்டிக்கொண்டு நின்றார்.

"சாம்பல எடுப்பம் மாமி" என்றார்.

வாகனத்தை வாசலுக்குக் கொண்டு வந்தேன். என் கணவர் கதிரையை உருட்டிக்கொண்டு சுற்றிப் பார்த்தார். டயரை ஒவ்வொன்றாகக் கையால் தட்டினார். இடப்பக்கக் கதவைத் திறந்தேன். கதிரையைக் கிட்ட வைத்தார். வலக் காலை ஊன்றினார், மேல் பிடியைப் பிடித்தார், சறுக்கி உள்ளே போய்விட்டார். நான் தொடவில்லை. முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு "ஏசியப் போடன்" என்றார்.

வாகனம் இருக்கிறது என்று தெரிந்தால் ஊர் சும்மா இருக்காது. மாரி பிடித்தது. ஒழுங்கைகளில் தண்ணீர். ஓட்டோக்காரர்கள் வரமாட்டோம் என்றார்கள். பிள்ளை நோவு கண்டவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினேன். மையத்து வீடுகளுக்குத் தூரத்து ஆட்களைக் கொண்டு வந்தேன். ஒருத்தி ஆட்டைக் கொண்டுவந்து ஏற்றப் பார்த்தாள். "போர் வீல் ராத்தா நிக்காவா?" என்று வாசலில் கேட்பார்கள். இல்லை என்று சொல்லத் தெரியாது எனக்கு. உள்ளே கால்மிதி ஒரு நாளும் காயவில்லை. முதுகு இரவில் எரியும். அவருடைய காலைத் துடைத்து, மருந்து போட்டு, நானும் சாயும்போது வாகனத் திறப்பு என் கைக்குள்ளேயே இருக்கும்.

மழை குறைந்தது. முல்லைக்காரர் போன் எடுத்தார். வெள்ளாமை பழுத்துவிட்டது, வெட்டு மிசினுக்குச் சொல்லப் போகிறேன் என்றார்.

"நாங்க வந்திட்டுப் போறம். பிறகு சொல்லு" என்றார் என் கணவர்.

காலையில் வெளிக்கிட்டோம். அவர் வெள்ளைச் சேட்டுப் போட்டார். தொப்பி போட்டார். சம்மாந்துறை தாண்டும்வரை கண்ணாடியை இறக்கிவிட்டு இருந்தார். தெரிந்தவர்கள் கை காட்டினார்கள். கிரவலில் குலுங்கினோம். கட்டு வந்தது.

நான் நிற்பாட்டினேன். சேறு மேலால் காய்ந்திருந்தது. உள்ளே எப்படியென்று தெரியாது.

"நிப்பாட்டாதகா. கட்டுல நிப்பாட்டினா எடுக்க ஏலா. மெதுவாக் குடுத்துப் போ."

போனேன். அவர் முன்னால் பார்த்துக்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தார்.

"வலப்பக்கம் புடி. அங்க இறுக்கம். ஆ, இப்ப நடுவால. அந்தப் புல்லுல ஏறாத, கீழ பொந்து. மதகு வருகுது, கண்ணாடிய மடக்கு."

மதகடியில் முன் சில்லு தண்ணீர்ப் பக்கம் சறுக்கியது. நான் மிதியை விடவில்லை. பின் சில்லு பிடித்தது. வாகனம் தானாக நேரே வந்தது.

"ம்" என்றார் அவர்.

வாடியடியில் முல்லைக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வாங்க போடியார்! வாங்கக்கா! இதென்ன, தீப்பெட்டி மாதிரி வந்து நிக்குது."

என் கணவர் இறங்கவில்லை. கண்ணாடிக்குள்ளால் பார்த்தார். மேல் துண்டு நல்லாக இருந்தது. கதிர் பாரத்தில் தலை தொங்கி நின்றது. கனநேரம் பார்த்தார். நான் இவ்வளவுதானே என்று நினைத்தேன். பார்த்தாயிற்று, போகலாம்.

"கீழ்த் துண்டு எப்பிடி?"

"அது சாஞ்சி போச்சி போடியார். தண்ணி வடியல்ல. நான் பாத்துக்குவன்."

"நான் பாக்கணும்."

முல்லைக்காரர் என்னைப் பார்த்தார். கீழ்த் துண்டுக்குப் பாதை இல்லை. பக்கத்து வயலை வெட்டியிருந்தார்கள். அதற்குள்ளால் மிசின் போன தடம் இருந்தது. தடத்தில் தண்ணீர் மினுங்கியது.

"ஈரம்" என்றேன்.

"மிசின் போயிரிக்கி. இதும் போர் வீல்தானே."

"போடியார், இது அந்த போர் வீல் இல்ல" என்றார் முல்லைக்காரர்.

"எனக்குத் தெரியும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ போகா."

அவருடைய குரலில் கெஞ்சல் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கலியாணம் முடித்த நாள் தொடக்கம் அவர் என்னிடம் எதையும் கெஞ்சியதில்லை. நான் வாகனத்தை அந்தத் தடத்தில் இறக்கினேன்.

பாதித் தூரம் போனது. பிறகு வாகனத்தின் வயிறு நிலத்தில் முட்டியது. மிதித்தேன். நாலு சில்லும் சுற்றின. நாலும் தாழ்ந்தன. பின்னால் தள்ள வந்த முல்லைக்காரர் முகம் முழுக்கச் சேறு.

"அக்கா! நான் வெள்ளாம இல்ல. எனக்கென்னத்துக்குச் சேறடிக்கிறீங்க?"

நிற்பாட்டினேன். எஞ்சின் நின்றதும் ஒரு சத்தமும் இல்லை. கொக்குகள் திரும்பி வந்து இறங்கின.

முல்லைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மிசினுக்குப் போன் பண்ணினார். மிசின் அங்கால் வயல் வட்டையில். வரக் கனநேரம் எடுக்கும். வெயில் ஏறியது. அவர் கதவடிக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"முதுகில ஏறுங்க போடியார். வாடிக்குக் கொண்டு போறன். இஞ்ச ஆர் பாக்கிறது?"

என் கணவர் அவரைப் பார்த்தார். முல்லைக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சூட்டுக்குக் கதவுகளைத் திறந்து வைத்தேன். என் கணவர் சீற்றில் திரும்பினார். காலை வெளியே போட்டார். செருப்பைக் கழற்றி உள்ளே வைத்தார். கால் சேற்றுக்குள் இறங்கியது.

"என்ன செய்யிறீங்க? இரிக்கிறது ஒரு கால். காயம் வந்தா என்ன செய்யிற?"

"கழுவலாம்."

கதவுச் சட்டத்தை ஒரு கையால் பிடித்தார், மேல் பிடியை மறு கையால். எழும்பி நின்றார். கதவு அசைந்தது. நான் கிட்டப் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அங்கிருந்து கீழ்த் துண்டு தெரிந்தது. பாய் விரித்த மாதிரிச் சாய்ந்து கிடந்தது.

"ஒரு கதிர் கொண்டா."

முல்லைக்காரர் கொண்டுவந்தார். அவர் சீற்றின் விளிம்பில் சாய்ந்துகொண்டு உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். ஊதினார். பாதி பதராகப் பறந்தது. மிஞ்சினதில் ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார்.

"சப்பி கூட."

"ஓம் போடியார். கீழ பாதிதான் தேறும்."

"வடிகாலத் தோண்டணும். இப்ப தோண்டினாத்தான் சிறுபோகத்துக்கு உதவும்."

"தோண்டுவம்."

"நீ தோண்டு. வாற போகத்திலிருந்து நீயே செய். குத்தகைக்கு."

முல்லைக்காரருக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

"என்ன போடியார் சொல்றீங்க? டவுன்காரருக்கெண்டு மருமகன் கதைச்சாரே."

"காணி ஆர்ட?"

"உங்கட."

"அப்ப நான்தானே சொல்லணும். வீட்டுச் சோத்துக்கு நெல்லு தா. மத்தத மருமகனோட இருந்து கதை. நான் சொன்னனெண்டு சொல்லு."

முல்லைக்காரர் கையைத் துடைத்தார். துடைத்த கையை மறுபடி துடைத்தார். "சரி போடியார்" என்றார். மிசின் வருகிறதா பார்க்கிறேன் என்று கட்டுப் பக்கம் நடந்து போனார். மிசின் வரும் சத்தமே இல்லை.

நான் என் கணவரிடம் கேட்டேன்.

"இதச் சொல்றதுக்கா இவ்வளவும்?"

அவர் குனிந்தார். காலைச் சேற்றிலிருந்து எடுத்தார். ஒரு சத்தத்தோடு வந்தது.

"வீட்ட இருந்து சொன்னா, ஏலாதவன்ட கையில இருந்து எடுத்ததெண்டு போயிரும். இஞ்ச நிண்டு சொன்னா நான் குடுத்தது."

காணியை வைத்திருக்கத்தான் அவர் கேட்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். அதற்காகத்தான் லேனர்ஸ், கதிரை, கயிறு எல்லாம். கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. போத்தல் தண்ணீரை எடுத்து அவருடைய காலைக் கழுவினேன். விரல் இடுக்கெல்லாம் பார்த்தேன். காயம் இல்லை. என் சீலைத் தலைப்பால் துடைத்துச் செருப்பை மாட்டினேன். பிறகு என் சீற்றில் ஏறி இருந்தேன். இரண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

மிசின் வந்தது. சங்கிலி கட்டினார்கள். இழுக்கும்போது அவர் உள்ளே இருந்துகொண்டு "நேரா இழுடா, கோணலா இழுத்தா உடையும்" என்று சத்தம் போட்டார். பழைய சத்தம். வீட்டுக்கு வரும் வழியில் வாய் திறந்தபடி நித்திரையாகிவிட்டார்.

மருமகனிடம் அவரே சொன்னார். மருமகன் கொஞ்சம் யோசித்தார். "சரி மாமா. உங்கட விருப்பம்" என்றார். அவருக்கு மனவருத்தம்தான். டவுன்காரருக்கு வாக்குக் கொடுத்திருப்பார் போல. பிறகு குசினிக்கு வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப வாகனம், மாமி? விப்பமா? இனி வயலுக்குப் போற தேவ இல்லயே."

"கிளினிக்குக்குக் கொண்டு போகணும். கிடக்கட்டும்."

அறுவடை நாள் வந்தது. காலையில் கதிரையைக் கொண்டுபோய்க் கட்டிலடியில் வைத்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"நீ போய்ட்டு வாகா. வீட்டு நெல்ல ஏத்திக்கிட்டு வா."

"நீங்க?"

"குடுத்த காணி. நான் என்னத்துக்கு?"

தனியப் போனேன். பக்கத்துச் சீற்று வெறுமையாக இருந்தது. வாய்க்கால் கட்டில் ஏறினேன். எந்தப் பக்கம் இறுக்கம் என்று சொல்ல ஆள் இல்லை. மதகுக்கு முன்னால் தடம் மாறியிருந்தது. நிற்பாட்டக் கூடாது என்று தெரியும். ஆனாலும் நிற்பாட்டினேன். இறங்கி, செருப்பைக் கழற்றி, காலால் மிதித்து மிதித்துப் பார்த்தேன். இடப்பக்கம் இறுகியிருந்தது. ஏறி, இடப்பக்கமாக எடுத்தேன். புதையாமல் வந்தது.

வெட்டு மிசின் மேல் துண்டில் ஓடிக்கொண்டிருந்தது. தூசி. முல்லைக்காரர் ஓடி வந்து இடப்பக்கக் கதவைத் திறந்தார். உள்ளே பார்த்தார்.

"போடியார் வரல்லயா அக்கா?"

"இல்ல."

"சொகமில்லயா?"

"சொகந்தான்."

அவர் கதவை மெதுவாகச் சாத்தினார். பின் சீற்றை மடித்தோம். மூட்டைகளை ஏற்றினார்கள். வாகனம் பின்னால் பதிந்தது. தேத்தண்ணி தந்தார்கள். நின்றபடி குடித்தேன். இருந்தால் எழும்ப மாட்டேன் என்று தெரியும்.

பின்னேரம் அசருக்குப் பிறகு வீட்டுக்கு வந்தேன். அவர் விறாந்தையில் கதிரையில் இருந்தார்.

"கட்டு எப்பிடி?"

"காஞ்சிட்டு."

"கீழ்த் துண்டு?"

"வெட்டுறாங்க."

தலையை ஆட்டினார். வாகனத்தைப் பார்த்தார். சில்லு, கதவு, கண்ணாடி எல்லாம் சேறும் வைக்கோலும்.

"கழுவன். காயவிட்டா பெயின்ற் போகும்."

"நாளைக்கு" என்றேன். உள்ளே போய்ப் படுத்தேன்.